வெட்டிப் பேச்சு என்று யார் சொன்னது?

ஆலைச் சங்கு ஊதுகிறது. ஷிப்டு முடிந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள். தலைமயிரிலும் புருவத்திலும் பஞ்சு. கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடை பெஞ்சில் பத்துப் பேர் நெருக்கி உட்காருகிறார்கள். பேச்சு தொடங்குகிறது. ஒருவர் வீட்டு எருமை கன்று போட்டிருக்கிறது. ஒருவர் மகனுக்குக் கணக்குப் பாடம் ஏறவில்லை. ரேஷன் அரிசி இந்த மாதம் நன்றாக இருக்கிறதாம். ஏழாம் நம்பர் மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்ததாம். மேஸ்திரியின் மீசையைப் பற்றி ஒரு கேலி, எல்லோரும் சிரிக்கிறார்கள். அரை மணி நேரத்தில் கூட்டம் கலைகிறது.

இதைப் பார்த்து, "வெட்டிப் பேச்சு! வேலையற்ற கும்பல்!" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மானேஜர் சொல்கிறார். மிராசுதார் சொல்கிறார். அவர்கள் சொல்வதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் நம்மவர்களிலும் சிலர் சொல்கிறார்கள். சங்க வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் நானே சொன்னேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பதை எழுதவே இந்தக் கட்டுரை.

ஒரே பெஞ்சு, இரண்டு முனை

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு முழுநேர ஊழியனாக வந்தவன் நான். ஆரம்ப நாட்களில் என் கையில் எப்போதும் நோட்டீசுக் கட்டு இருக்கும். பெஞ்சில் உட்கார மாட்டேன், நின்றபடியே பேசுவேன். விலைவாசி, போனஸ், பஞ்சப்படி எல்லாம் பேசுவேன். எருமைக் கன்றைப் பற்றிப் பேச எனக்கு நேரம் ஏது?

ரிங் பிரேம் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு மூத்த தோழர் ஒரு நாள் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "ஏனுங் தோழர், நீங்க நல்லாப் பேசறீங்க. ஆனா காது குடுத்துக் கேக்கறதில்லீங்களே." நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

அதே பெஞ்சின் ஓரத்தில் கோன் வைண்டிங் பகுதி ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் தினமும் வந்து உட்காருவார். அதிகம் பேசமாட்டார். மற்றவர் பேசுவதைக் கேட்டுச் சிரிப்பார். ஒரு நாள் மாலை நான் சைக்கிளில் ஏறும் நேரம் அவர் பக்கத்தில் வந்து, "தோழர், ஒரு விஷயம்..." என்றார். மாநாட்டு நிதி வசூலுக்கு நேரமாகிவிட்டது. "ராத்திரி கூட்டத்துக்கு வாங்க, பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அவர் கூட்டத்துக்கு வரவில்லை. மறுநாள் பெஞ்சுக்கும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒன்பது நாள் கழித்துத்தான் ஒருவர் கேட்டார்: "அந்த ஓரத்தில உக்காருவாரே, அவரை எங்கீங்க காணோம்?" வீட்டுக்குப் போனோம். கதவில் பூட்டு. பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். தனியார் ஆஸ்பத்திரியில் செய்திருக்கிறார். அதற்காக வாரத் தவணைக் கடன். தவணைக்காரர்கள் வாசலில் வந்து உட்காரத் தொடங்கியதும், ஒரு ராத்திரி குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார்.

மறுநாள் இதைப் பெஞ்சில் சொன்னோம். கார்டிங் பகுதித் தோழர் ஒருவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "என் சம்சாரத்துக்கும் போன வருஷம் இதே ஆபரேஷன் தானுங்க. ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில ஒரு பைசா இல்லாம ஆச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பனே" என்றார்.

விசாரித்தோம். ஓடிப்போன தோழரின் சம்பளத்திலும் ஒப்பந்தக்காரர் ஈ.எஸ்.ஐ.க்குப் பணம் பிடித்துத்தான் வந்திருக்கிறார். ஆனால் அட்டை வாங்கித் தரவில்லை. 1948-ம் வருஷத்துச் சட்டம் தொழிலாளிக்கு மட்டுமல்ல, அவன் குடும்பத்துக்கும் வைத்தியம் தந்தது என்பது அந்தத் தோழருக்குத் தெரியாது. சட்டம் இருந்தது, பணமும் பிடிக்கப்பட்டது, அரசு ஆஸ்பத்திரியும் இருந்தது. எல்லாம் தெரிந்த மனிதர் அதே பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்திருந்தார். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவே ஒரு வார்த்தை போகவில்லை. அவ்வளவுதான்!

யார் குற்றம்? ஒப்பந்தக்காரனின் குற்றத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் என் குற்றத்தையும் மறைக்க மாட்டேன். அந்த மனிதர் "ஒரு விஷயம்" என்று தொடங்கியபோது நான் சைக்கிளிலிருந்து இறங்கியிருக்க வேண்டும்.

சங்கம் பிறந்த இடம் எது?

சங்கம் என்பது ஆபீஸ் அறையில், ரசீதுப் புத்தகத்தில் பிறந்தது என்று இளந்தோழர்கள் பலர் நினைக்கிறார்கள். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

1918-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைக்கப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. இதற்கு முந்திய கதை பலருக்குத் தெரியாது.

பெரம்பூர் பகுதியில் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளிகள் சாமான் வாங்கப் போகும் ஒரு கடை இருந்தது. கடைக்காரர் செல்வபதி செட்டியார். அவரும் அவருடைய நண்பர் ராமானுஜுலு நாயுடுவும் பஜனையும் பிரசங்கமும் நடத்தும் ஒரு சபையிலும் ஈடுபட்டிருந்தார்கள். தொழிலாளிகள் கடைக்கு வந்தார்கள், சபைக்கு வந்தார்கள். வந்த இடத்தில் பேசினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை, அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது என்றார்கள். மேலதிகாரி அடிக்கிறான், ஏசுகிறான் என்றார்கள். ஒருவர் சொன்னதையே அடுத்தவரும் சொன்னார், பத்தாவது ஆளும் சொன்னார். கடைக்காரர் காது கொடுத்துக் கேட்டார். கேட்டவர் சும்மா இருக்க முடியாமல் வாடியாவைத் தேடிப் போனார். கூட்டங்கள் நடந்தன, சங்கம் பிறந்தது.

கடைப் பேச்சு, தோழர்களே, கடைப் பேச்சு! "எனக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம்" என்று நினைத்திருந்தவன், "உனக்குமா?" என்று கேட்ட அந்த நிமிஷத்தில்தான் சங்கத்தின் விதை விழுந்தது. ரசீதும் கொடியும் பிறகு வந்தவை.

வேறு தாய்மொழியோடு வந்தவர்

கிராமத்துக் கதையும் இதுதான். 1943-ல் கீழத் தஞ்சைக்கு விவசாயிகளைத் திரட்ட வந்தவர் பி.சீனிவாசராவ். அவருடைய தாய்மொழி கன்னடம். அவர் வந்தபோது பண்ணையாளின் நிலை என்ன? விடியுமுன் வயலில் இறங்க வேண்டும். எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, சாணிப்பால். மிராசுதார் முன் துண்டைத் தோளில் போட உரிமை இல்லை.

சீனிவாசராவ் சேரியில் தங்கினார். அங்கே கிடைத்த கஞ்சியைக் குடித்தார். அங்கேயே படுத்தார். சேரி மக்களோடு உட்கார்ந்து பேசியே அவர்களில் ஒருவர் ஆனார். பிறரால் தொடத் தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மனிதன், தன் குடிசைத் திண்ணையில் தன்னோடு சமமாக உட்கார்ந்து "சாப்பிட்டாயா?" என்று கேட்பவரை முதன்முதலாகப் பார்த்தான். அந்த ஒரு கேள்வி பத்து மேடைப் பிரசங்கத்துக்குச் சமம். மறு ஆண்டே, 1944-ல், மன்னார்குடியில் மிராசுதார்கள் விவசாயிகளின் சங்கத்தோடு உட்கார்ந்து ஒப்பந்தம் செய்துகொள்ள நேர்ந்தது. சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிந்தன.

இதில் நாம் மறக்கக் கூடாத பாடம் ஒன்று உண்டு. மொழி தெரிந்தால்தான் நட்பு வரும் என்பதில்லை. பேச மனமிருந்தால் மொழி பின்னாலேயே வரும்.

அவர்களுக்கு ஏன் பயம்?

நம் பேச்சு வெறும் வெட்டிப் பேச்சானால், ஆளுகிறவர்களும் முதலாளிகளும் அதைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும்?

கியூபா நாட்டுக் கதையைக் கேளுங்கள். 1865-ல் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் ஒரு வழக்கம் தோன்றியது. ஒருவர் உயரமான இடத்தில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். படிப்பவருக்குக் கூலியைத் தொழிலாளிகளே தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள். கேட்டதைப் பற்றிப் பிறகு பேசுவார்கள், வாதாடுவார்கள். மறு வருஷமே, 1866-ல், ஸ்பானிய காலனி ஆட்சி இதற்குத் தடை போட்டது! தடையை மீறி வழக்கம் பிழைத்துக்கொண்டது. கியூபாத் தொழிலாளிகள் கடல் கடந்து அமெரிக்காவின் டாம்பா நகருக்குப் பிழைக்கப் போனபோது அதையும் கூடவே கொண்டு போனார்கள். 1931-ல் அங்கேயும் முதலாளிகள் படிப்பவரை வெளியேற்றினார்கள். அவர் இருந்த இடத்துக்குப் பிறகு ரேடியோ வந்தது. படிப்பவரை நிறுத்திக் கேள்வி கேட்கலாம். ரேடியோவை நிறுத்திக் கேட்க முடியுமா?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்துக் கண்ணூரில் பீடித் தொழிலாளிகள் இதே முறையில், ஒருவர் பத்திரிகை படிக்க மற்றவர்கள் பீடி சுற்றினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் உலக விவகாரம் பேசினார்கள். முதலாளிகள் கம்பெனிகளை மூடி அவர்களைத் தெருவில் நிறுத்தியபோது, 1969-ல் அந்தத் தொழிலாளிகளே ஒன்று கூடி கேரள தினேஷ் பீடி கூட்டுறவைக் கட்டி எழுப்பினார்கள். நாள்தோறும் ஒன்றாக உட்கார்ந்து பேசிப் பழகியவர்களுக்கு, ஒன்றாக ஒரு தொழிலை நடத்துவது பெரிய காரியமாக இருக்கவில்லை.

நம் நாட்டில் பேச்சைத் தடுக்கும் முறைகள் வேறு. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகள் பலவற்றில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஏழைப் பெண்களை மூன்று வருஷத்துக்கு விடுதியில் வைத்து வேலை வாங்கினார்கள். முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை தருவதாக ஆசை காட்டினார்கள். விடுதிக்கு மதில், மதிலுக்குக் காவல். வெளியே போனால் கூடவே ஆள். யாரோடு போனில் பேசுகிறாள் என்று கண்காணிப்பு. எதற்காக? அந்தப் பெண் வெளியே ஒரு சங்கத்தாரிடம், ஒரு பத்திரிகைக்காரரிடம், ஒரு பக்கத்து வீட்டு அக்காளிடம் ஒரு வார்த்தை பேசிவிடக் கூடாது என்பதற்காக!

நேரத்தைத் திருடுவது இன்னொரு முறை. 1886-ல் சிகாகோ தொழிலாளிகள் எதற்காகப் போராடினார்கள்? எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், மீதி எட்டு மணி தனக்காக. அந்த மூன்றாவது எட்டு மணிதான் நம் பெஞ்சு, நம் திண்ணை, நம் பேச்சு. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. எல்லாத் தொழிற்சங்கங்களும் எதிர்த்து நின்றதால் அது வாபஸ் ஆயிற்று. மே தினத்தன்று முதலமைச்சரே அதை அறிவித்தார். அன்று நாம் காப்பாற்றியது உடம்பை மட்டுமல்ல. நண்பனோடு பேசும் நேரத்தையும்தான்.

நம் பெஞ்சில் இடம் இல்லாதவர்கள்

எல்லாப் பழியையும் முதலாளி மேல் போட்டுவிட்டு நாம் கை கழுவ முடியாது. நம் பெஞ்சையும் கொஞ்சம் பார்ப்போம்.

இரட்டை டம்ளர் வைத்த டீக்கடைகள் யாருடைய கடைகள்? அங்கே உட்கார்ந்து குடித்தவர்கள் யார்? வயலில் ஒரே சேற்றில் நின்றவர்கள், கடைக்கு வந்ததும் ஒருவர் பெஞ்சில், ஒருவர் தரையில். இப்படிப்பட்ட இடத்தில் நட்பு எப்படி முளைக்கும்? தனி டம்ளர் ஒழிந்த ஊரிலும் தனி மௌனம் ஒழிந்ததா என்று ஒவ்வொருவரும் தன் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தால் போதாது. வீட்டு விசேஷத்துக்கு அழைக்கிறோமா? அவர் வீட்டுச் சாவுக்குப் போகிறோமா?

பெண்களுக்குப் பெஞ்சே இல்லை. அவர்களுடைய பேச்சு நடவு வயலில், குழாயடியில், கம்பெனி வேனில். நடவு மிஷினும் அறுவடை மிஷினும் வந்த பிறகு வயலில் வரிசையாகக் குனிந்து நின்று பேசும் பேச்சும் குறைந்துவிட்டது. "பொம்பளைகள் கூடினால் ஊர்வம்பு" என்று கேலி செய்யும் தோழர்களே! எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பெண்ணை எந்த மேஸ்திரி தொந்தரவு செய்கிறான் என்பதெல்லாம் உங்களுக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். ஓடிப்போன தோழரின் கதையை எங்களுக்குச் சொன்னதும் ஒரு பெண்தான். அவரை ஒன்பது நாள் முன்பே கேட்டிருந்தால்?

இன்று இன்னொரு கூட்டம் பெஞ்சுக்கு வெளியே நிற்கிறது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர்கள். நம்மோடு அதே மிஷினில் நிற்கிறார்கள். நம்மைவிடக் குறைந்த கூலி, நம்மைவிட நீண்ட நேரம். அவர்களை "வடக்கன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பெயர் கேட்டோமா?

2023 மார்ச்சில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்யான படக்காட்சிகள் போனில் பரவின. பொய் என்று அரசும் போலீசும் அறிவித்தன. அதற்குள் பலர் பயந்து மூட்டை கட்டி ரயில் ஏறிவிட்டார்கள். அவர்களில் ஒவ்வொருவருக்கும், "இது நிஜமா?" என்று கேட்க ஒரே ஒரு தமிழ் நண்பன் இருந்திருந்தால் அந்தப் பொய் எத்தனை நாழிகை நின்றிருக்கும்? மொழி தெரியாது என்று சாக்குச் சொல்லாதீர்கள். கன்னடம் பேசிய சீனிவாசராவுக்குத் தஞ்சாவூர்ச் சேரி மொழி புரிந்தது. நமக்கு "காப்பிட்டியா?" என்பதை ஒடியாவில் கேட்கத் தெரியாவிட்டால், ஒரு டம்ளர் டீயை நீட்டத் தெரியாதா?

போன் மேல் கோபம் இல்லை

"இப்போது யார் பேசுகிறார்கள்? எல்லோரும் போனில் தலை கவிழ்ந்திருக்கிறார்கள்" என்று மூத்தவர்கள் வருத்தப்படுகிறார்கள். உண்மைதான். பெஞ்சு நிறைய ஆட்கள். ஆனால் பேச்சு இல்லை. ஆனால் போனை உடைக்கச் சொல்வது மிஷினை உடைக்கச் சொல்வது போலத்தான். தூரத்து ஊரில் இருக்கும் தாயோடு பேசுகிறவன் பேசட்டும். ஷிப்டுத் தோழர்கள் ஒரு குழு வைத்துச் செய்தி பரிமாறட்டும். கேள்வி ஒன்றுதான்: குழுவில் நாலு நாளாக ஒருவன் வாய் திறக்கவில்லை என்றால் யாராவது அவன் வீட்டுக்குப் போகிறோமா? போனால் அது நட்பு. போகாவிட்டால் டாம்பா முதலாளிகளின் ரேடியோவும் இதுவும் ஒன்றுதான்.

பேச்சில் தீமை இல்லை என்றும் நான் சொல்லவில்லை. புறம் பேசுவதும் பேச்சுதான். சாதிப் பெருமை பேசுவதும் பேச்சுதான். சாராயக் கடைப் பேச்சு பல குடும்பத்தைக் கெடுத்திருக்கிறது. வயலில் களை முளைக்கிறது என்று விதைக்காமல் இருப்போமா? களையைப் பறிப்போம். புறம் பேசுகிறவனிடம், "அவனையே கூப்பிட்டுக் கேட்டுவிடுவோமே" என்று ஒருவர் சொன்னால் போதும், பாதிக் களை போய்விடும்.

செய்ய வேண்டியது

பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. நான் இப்போது கடைப்பிடிப்பதை மட்டும் சொல்கிறேன்.

கூட்டத்துக்கு அரை மணி முன்னால் போகிறேன். அந்த அரை மணியில் நோட்டீசை எடுப்பதில்லை. பெஞ்சில் நிற்பதில்லை, உட்காருகிறேன். இரண்டு நாள் வராதவர் பெயரை மூன்றாம் நாள் கேட்கிறேன். நான்காம் நாள் அவர் வீட்டு வாசலில் நிற்கிறேன். ஓரத்தில் உட்காருகிறவரை நடுவில் உட்காரச் சொல்கிறேன். "ஒரு விஷயம்" என்று யார் தொடங்கினாலும் சைக்கிளை ஸ்டாண்டு போடுகிறேன்.

வேலைநிறுத்தம் வரும் நாளில் பசியோடு நிற்கிறவனைத் தாங்குவது கோரிக்கைப் பட்டியல் மட்டுமல்ல. "உன் வீட்டில் அரிசி இருக்கிறதா?" என்று கேட்கும் நண்பன் தாங்குகிறான். அந்த நண்பனை வேலைநிறுத்தத்தன்று காலையில் தேடினால் கிடைக்க மாட்டான். எருமைக் கன்றையும் பிள்ளையின் கணக்கையும் பேசிப் பேசி, வருஷக் கணக்கில் சம்பாதித்திருக்க வேண்டும்.

எங்கள் பெஞ்சின் அந்த ஓரத்தில் இப்போது ஒடிசாப் பையன் ஒருவன் உட்காருகிறான். அவனும் அதிகம் பேசுவதில்லை. அவனுக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று கார்டிங் தோழர் கேட்டுவிட்டார். இல்லை என்றான். திங்கட்கிழமை இருவரும் ஆபீசுக்குப் போகிறார்கள்.

நீங்களும் இன்று ஷிப்டு முடிந்ததும், வயல் கரை ஏறியதும், பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள்.